கூட வர ஓர் ஆள்

…ஃபைன் என்று சொல்லிவிட்டாள், சொல்லிப் போனையும் வைத்தாயிற்று, இனிமேல் யோசித்து என்ன ஆகப்போகிறது, அந்த நர்ஸ் எத்தனை பக்குவமாகக் கேட்டாள், நாளைக்கு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக யாரு வர்றாங்க கண்ணு, மயக்க ஊசி போடறதால தனியா அனுப்ப மாட்டோம், யாராவது ஒருத்தர் வந்து கூட்டிக்கிட்டுப் போகணும், ராத்திரியும் வீட்டுல துணைக்கு இருக்கணும், டாக்ஸிக்காரரை எல்லாம் ஆளா எடுத்துக்க மாட்டோம், என்று சொல்லிச் சிரித்தாள், லினெட்டும் சிரித்தாள், டாக்ஸிக்காரரைத்தான் இவள் நினைத்து வைத்திருக்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது, இதே யோசனையோடு எத்தனை பேர் வந்திருப்பார்களோ… 'ஃபைன், அதெல்லாம் ஃபைன்' என்றாள் லினெட். பேரைச் சொல்லுங்க என்றபோதுதான் அந்தச் சொல் உதவவில்லை. ரெண்டு மூணு பேர் இருக்காங்க, யாருன்னு இன்னும் முடிவாகலை என்று, ஏதோ வீடு கொள்ளாத உறவுக்காரி மாதிரி ஒரு பந்தா வேறு. நர்ஸ் நம்பினாளோ என்னவோ, சாயங்காலம் நாங்க மூடறதுக்கு முன்னாடி நானே கூப்பிடறேன், பேரும் போன் நம்பரும் வேணும், இல்லேன்னா உங்க நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க, மறுபடி எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது என்றாள். அதற்கும் ஃபைன் என்றே சொல்லிவைத்தாள்.

வசந்தத்திலிருந்து இந்தத் தொண்டை படுத்துகிறது, முதலில் ரொட்டி, நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு மேலேயும் வராது கீழேயும் போகாது, தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் இறைச்சி, அப்புறம் உருளைக்கிழங்கு, இப்போது சூப்பும் கஸ்டர்டுமாகக் காலம் ஓடுகிறது, பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு போட்டுக்கொள்கிறாள். டாக்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இதை உடனே பார்த்துடணும் என்றாள், அந்த 'உடனே'யில் ஒரு வேகம் இருந்தது, அது லினெட்டுக்குப் பிடிக்கவில்லை. போன தடவை மயக்கம் வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள், தொண்டைக்கு மருந்து தெளித்தால் போதும், தனியாக வந்து தனியாகவே போய்விடலாம், யாரையும் கேட்க வேண்டாம், அதுதானே வசதி… உள்ளே பார்க்கிற கேமராக் குழாய் நாக்கைத் தாண்டியதும் கையால் பிடித்து இழுத்துவிட்டாள், அறுபத்துமூன்று வயதுப் பெண்பிள்ளை, சின்னக் குழந்தை மாதிரி, அந்த டாக்டர் பரவாயில்லை பரவாயில்லை என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. ஆகவே இந்த முறை மயக்கம், மயக்கம் என்றால் கூட ஓர் ஆள், அவ்வளவுதான் விஷயம், நாளைக்குப் போகவில்லை என்றால் உள்ளே இருப்பது என்னவோ அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

ஃபைன்… இந்தச் சொல் இல்லாவிட்டால் இந்த ஊர் என்ன ஆகியிருக்கும், வட இங்கிலாந்தின் இந்த ஹாலிஃபாக்ஸில் ஒருத்தரும் வாயே திறக்க முடியாமல் போயிருக்கும். மழை நின்றால் ஃபைன், இன்னொரு கப் டீ வேண்டாம் என்றால் ஐ'ம் ஃபைன், பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் ஃபைன், யார் வீட்டு மருமகளோ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்றாலும் ஃபைன், அதைச் சொல்லும்போது பல் மட்டும் கொஞ்சம் இறுகும். முப்பது வருஷம் ஹார்டுவேர் கடைக் கவுண்டரில் நின்றவள் லினெட், அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு நேர்மை இருந்தது, உப்புத்தாள் மூன்று டிராயர், முரடு, நடு, ஃபைன், ஃபைன் என்றால் ஃபைன்தான், விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். கடைசியாகத் தேய்ப்பதற்கு அதுதான், பிசிறெல்லாம் அதற்கு முன்பே மற்ற இரண்டும் எடுத்துவிட்டிருக்கும், எத்தனை ஆண்கள் வந்து நேரே அந்த டிராயரைத்தான் கேட்பார்கள், முதல்ல முரட்டுத்தாள் போடுங்க சார் என்றால் முகம் சுருங்கும், யாருக்குமே முதலில் முரட்டுத்தாள் பிடிப்பதில்லை. கடை மூடி அங்கே இப்போது நகம் அலங்கரிக்கும் கடை வந்துவிட்டது, அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது.

சரி, யார் இருக்கிறார்கள், யோசிப்போம். இறந்துபோன கணவன் டெரிக்கின் தங்கை எங்கோ தெற்குக் கோடியில் போர்ன்மத்தில், கிறிஸ்துமஸ் கார்டில் தன் கணவன் பேரையும் நாய் பேரையும் எழுதுவாள், நாய் செத்துப் பல வருஷமாகியும் பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள், அவள் ஆகாது. பிள்ளைகள் இல்லை, அது அந்தக் காலத்தோடு அழுது முடித்த கதை. பாலின் இருக்கிறாள், கடையில் பெயின்ட் பக்கம் நின்றவள், இன்றைக்குக் கூட மார்க்கெட் காப்பிக்கடையில் சந்திப்பதாக ஏற்பாடு, மாதம் ஒருமுறை நடப்பதுதான், பாலினைக் கேட்டால் என்ன, கேட்டுவிடலாம், இதில் என்ன இருக்கிறது, பாலின் நாளைக்கு ஒரு ஒத்தாசை பண்றியா, எட்டுச் சொல் கூட ஆகாது, குளியலறைக் கண்ணாடியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவி, மழை பெய்யும்னு சொன்னாங்க, பாத்தா ஃபைனா ஆயிடுச்சே என்றாள், ஆமாமா ஃபைனாத்தான் இருக்கு என்றாள் லினெட், அந்தக் கிழவி முகத்தில் அப்படி ஒரு திருப்தி, இந்த நாளில் இன்னொரு உயிரோடு பேசியாயிற்று என்பது போல, ஐயோ நான் கூட இப்படித்தான் இருப்பேனோ, கடைக்காரப் பையனிடம் வானிலை பேசிவிட்டுத் திரும்பும்போது… பஸ் வந்தது, ஏறி உட்காரு கண்ணு என்றார் டிரைவர், அவருக்கு இவள் பேத்தி வயசு இருக்காது, அம்மா வயசு இருக்கும், இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான்.

பாலின் முன்பே வந்து ஜன்னலோர மேசையைப் பிடித்து வைத்திருந்தாள், அவள் எப்போதும் அப்படித்தான், உட்காரும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். எப்படி இருக்கே என்றாள், ஃபைன் என்றாள் லினெட், அந்தச் சொல் வாயை விட்டுப் போன அதே நொடியில் முதல் வாசல் மூடிக்கொண்டது தெரிந்தது, இனி இன்னொரு வாசலைத் தேட வேண்டும். 'இளைச்சிட்டியே, டயட்டா, எனக்கும் சொல்லேன், இந்த வயித்த வெச்சிக்கிட்டு நான் படற பாடு' என்று பாலின் தன் வயிற்றைத் தட்டிக்காட்டினாள், அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெண்ணெய் தடவிய டீகேக் ரொட்டி இரண்டு சொல்லட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், ஐ'ம் ஃபைன், டீ மட்டும் போதும், இப்பத்தான் சாப்பிட்டேன். எப்போது சாப்பிட்டாள், நேற்று ராத்திரி அரைக் கிண்ணம் தக்காளி சூப். பாலின் டீகேக்கைக் கிழித்துக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டே மகனைப் பற்றிச் சொன்னாள், மருமகளைப் பற்றிச் சொன்னாள், மருமகள் ஓவனைக் கழுவாத கதையைப் போன மாதமே சொல்லியிருந்தாள், லினெட் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு சுலபமாக இறங்குகிறது, அதைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை, பொறாமை என்று சொன்னால் அது பொறாமைதான். பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. இதுதான், இப்போதுதான்.

'நாளைக்கு என்ன பண்றே பாலின்' என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. 'நாளைக்கா, விட்பி போறோம், பேரப் பசங்களுக்கு லீவு முடியப்போகுதில்ல, கடல்ல கால நனைக்கலேன்னா தூங்க மாட்டேங்குதுங்க, ஏன் கேக்கறே' என்றாள் பாலின், டீகேக் பாதியில் நின்றது, கண்ணில் ஒரு சிறு எச்சரிக்கை, இல்லை, எச்சரிக்கை என்று சொல்வது பாவம், அக்கறையாகக் கூட இருந்திருக்கலாம், ஏன் கேக்கறே என்று அவள் கேட்டாள் அல்லவா, கேள்வி என்று ஒன்று வந்ததே, அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம்… 'சும்மாத்தான், நல்ல வெயில் அடிக்கும்னு சொல்றாங்க' என்றாள் லினெட். 'ஆமா, ஃபைனா இருக்குமாம்' என்றாள் பாலின், டீகேக் மறுபடி வாய்க்குப் போனது. கிளம்பும்போது இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார்கள், பாலினின் கன்னம் சூடாக இருந்தது, ஒருத்தரின் தோல் பட்டு எத்தனை நாளாயிற்று, நாம் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசணும் என்றாள் பாலின், இதையும் மாதாமாதம் சொல்வாள், அது விடைபெறுவதற்கான வார்த்தை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாடிக்கு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள், டெரிக்குக்கு அந்த சீட்தான் பிடிக்கும், தானே ஓட்டுகிற மாதிரி காலை அழுத்திக்கொண்டு வருவான். டெரிக்கிடம் இரண்டு ஃபைன் இருந்தன, கோபம் வந்தால் ஒன்று, கத்தி போல வரும், ஃபைன், அதற்குப் பிறகு கொல்லைக் கொட்டகைக்குப் போய்விடுவான், டீ கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் பேசாமல் குடிப்பான், குடித்தால் சமாதானம் என்று அர்த்தம். மற்றது அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் வந்தது. மாடிப்படி பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான், என்னங்க என்று கேட்டால் ஃபைன் என்பான், மூச்சுக்கு நடுவில் வருவதால் அந்தச் சொல்லில் பாதிதான் கேட்கும், அவள் உடனே கீழே ஹாலில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள், குடை எங்கே வெச்சேன், செருப்பு எங்கே என்று, அவன் யாரும் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று. அவன் ஏறி முடித்த சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்வாள். இதை அன்பு என்றுதான் நினைத்தாள், இப்போதும் அன்பு இல்லை என்று சொல்ல முடியுமா, பெல்ட்டில் அவன் கத்தியால் புதுத் துளை போட்டதை அவள் பார்த்தாள், பார்த்ததை அவனும் பார்த்தான், அன்றைக்கு ராத்திரி இருவரும் டிவியில் தோட்ட நிகழ்ச்சி பார்த்தார்கள், ரோஜாவை எப்போது வெட்டிவிட வேண்டும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது, அடுத்ததில் இறங்கி ஏற்றத்தில் நடந்து வந்தாள்.

இனி பக்கத்து வீட்டு ஹெதர்தான். ஒட்டிய வரிசை வீடு, நடுவில் ஒற்றைச் சுவர், பதினோரு வருஷமாக ஹெதரின் ரேடியோவும் ஹெதரின் இருமலும் மகனோடு அவள் போட்ட சண்டையும் லினெட்டுக்கு அத்துப்படி, லினெட் கழிவறைச் சங்கிலி இழுப்பது ஹெதருக்கு அத்துப்படி, ஆனால் ஹெதர் காப்பி குடிப்பாளா டீ குடிப்பாளா என்று கேட்டால் தெரியாது. அவர்கள் உறவு முழுக்கக் குப்பைத்தொட்டி வழியாக நடப்பது. முதல் நாள் மாலை லினெட் இரண்டு வீட்டுத் தொட்டியையும் தெருவுக்குத் தள்ளி வைப்பாள், மறுநாள் லாரி போனதும் ஹெதர் இரண்டையும் உள்ளே இழுத்துவிடுவாள், யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, நன்றி சொன்னதும் இல்லை, சொன்னால் அசிங்கமாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெரிக் இறந்த வாரம் ஹெதர் கறியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ஒரு பலகாரம் கொண்டு வந்தாள், வாசலில் நின்று, எப்படி இருக்கீங்க என்றாள், ஃபைன் என்றாள் லினெட், சிரித்துக்கொண்டே நிலைக்கதவின் பெயின்ட்டைப் பார்த்தபடி சொன்னாள், ஏதாவது வேணும்னா கேளுங்க என்றாள் ஹெதர், கட்டாயம் கேட்கிறேன் என்றாள். மூன்றாம் நாள் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அவள் வாசற்படியில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் திரும்பிவிட்டாள். அந்தப் பலகாரத்தில் பாதியை அவள் குப்பையில்தான் கொட்டினாள், ஒருத்தி தனியாக எவ்வளவு சாப்பிடுவாள்.

கோட்டைக் கழற்றாமலே போய் ஹெதர் வீட்டு மணியை அடித்தாள், கழற்றினால் உட்கார்ந்துவிடுவோம் என்ற பயம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. போய்விடலாம் என்று ஒரு காலைப் பின்வைத்தபோது கதவு ஒரு சாண் திறந்தது, ஹெதர் டிரெஸ்ஸிங் கவுனில் இருந்தாள், பட்டப்பகலில், தலை சீவவில்லை, ஐம்பது வயதுக்காரி எழுபது மாதிரி நின்றாள். ஹெதர் காலை எட்டுக்கெல்லாம் லிப்ஸ்டிக்கோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், சுவருக்கு இந்தப் பக்கம் அந்த மீட்டிங் குரல் கேட்கும், அந்தக் குரல் கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை, ரேடியோவும் கேட்கவில்லை, அதை இப்போதுதான் நினைக்கிறாள். 'தொந்தரவு பண்ணிட்டேனா' என்றாள் லினெட். 'சேச்சே, அதெல்லாம் இல்ல' என்றாள் ஹெதர். சொல்ல வேண்டியது வாயின் விளிம்பில் நின்றது, நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி, கூட வர ஓர் ஆள் வேணும்… 'இல்ல, திங்கக்கிழமை லீவு வந்துச்சில்ல, அதனால குப்பை லாரி இந்த வாரம் ஒருநாள் தள்ளி வருது, உங்ககிட்டச் சொல்லலாம்னு' என்றாள். தன் வாயா அது. முனிசிபாலிட்டிக் காலண்டர் அந்தத் தெருவில் எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டியிருக்கிறது. 'அட, ஆமால்ல, நல்லவேளை சொன்னீங்க' என்றாள் ஹெதர், அவளுக்கும் தெரியும், தெரியாதவள் போலச் சொன்னாள், அந்த மரியாதையில் இவளுக்குக் காது சுட்டது. 'நீங்க நல்லா இருக்கீங்கல்ல' என்றாள் ஹெதர். 'ஃபைன். நீங்க.' 'ஃபைன்' என்றாள் ஹெதர், சிரித்துக்கொண்டே நிலைக்கதவின் பெயின்ட்டைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது, சத்தமில்லாமல், கையால் பிடித்து மெதுவாக மூடுகிற மாதிரி.

வீட்டுக்குள் வந்து கெட்டிலைப் போட்டாள், கொதித்தது, அணைந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள். பொய்… பச்சைப் பொய், ஒரு குழந்தைக்குக் கூடத் தெரிந்திருக்கும், அந்தக் கண்ணைப் பார்த்து யாராவது ஃபைன் என்று நம்புவார்களா, நான் நம்பினேனா, இல்லை, ஒரு நொடி கூட நம்பவில்லை, பிறகு ஏன் சரி என்று திரும்பி வந்தேன், அவள் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு நிற்பது முறையில்லை, அதனால் வந்தேன். அப்படியானால் அன்றைக்கு அந்தப் பலகாரப் பாத்திரத்தோடு நின்றவள்… அவளும் நம்பவில்லை. கடவுளே, அவளும் நம்பவில்லை. இரண்டு வருஷமாக லினெட் ஒரு எண்ணத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், நான் நன்றாக நடிக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தால் ஓடி வந்திருப்பார்கள் என்று, அதில் ஒரு கசப்பு இருந்தாலும் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, பாலினுக்கும் தெரிந்திருக்கும், இளைத்ததைப் பார்த்தவள்தானே, ஃபைன் என்ற சொல்லால் போ என்று இவள் சொன்னாள், அவர்கள் போனார்கள். மாடிப்படியில் நின்றவனும் அப்படித்தான் சொன்னான், இவள் குடையைத் தேடினாள். அழுகை வந்தது, தொண்டையில் அந்த இடத்தில் வந்து அதுவும் நின்றுகொண்டது.

போன் அடித்தது. 'கண்ணு, நான்தான், பேரு கிடைச்சுதா' என்றாள் நர்ஸ், பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், வேலை முடித்துக் கிளம்புகிற அவசரம். 'ஹெதர்' என்றாள் லினெட். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள், ஒரு நாளும் ஒரு படிவத்தில் கூடப் பொய் எழுதாதவள், பஸ்ஸில் கட்டணம் குறைவாக வாங்கிவிட்டான் என்று திரும்பிப் போய்க் கொடுத்தவள். 'பக்கத்து வீடு, ஹெதர் பிரிக்ஸ்.' நம்பர் கூடத் தெரிந்திருந்தது, எப்போதோ பைப் உடைந்தால் கூப்பிடுங்கள் என்று கொடுத்தது, இதுவரை கூப்பிட்டதில்லை. 'அவங்களுக்கு விவரமெல்லாம் தெரியுமில்ல, ராத்திரி தங்கறதுக்கு ஒத்துக்கிட்டாங்கல்ல' என்றாள் நர்ஸ். இப்போது ஒரு சொல் போதும், பழக்கப்பட்ட சொல், நாக்குத் தானாக அதன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது… 'நான் இப்பப் போய்ச் சொல்றேன்' என்றாள் லினெட். 'சரி கண்ணு, போய்ச் சொல்லுங்க, நான் பேரை எழுதிக்கிறேன், ஆனா நாளைக்குக் காலையில அவங்க வரலேன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, தெரியுமில்ல' என்றாள் நர்ஸ். தெரியும் என்றாள்.

அவள் முடியாது என்றால்… சொல்லட்டுமே, முடியாது என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டும் எத்தனை காலமாயிற்று. அவளுக்கே ஏதோ பெரிய கஷ்டம், மகனோ, வேலையோ, உடம்போ, இந்த நிலைமையில் என் வியாதியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைப்பது நியாயமா என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது, அது பழைய மனசு, அதற்கு நியாயம் பேச நன்றாக வரும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஹெதர் ஒரு முட்டை கேட்டு வந்திருந்தால், ஒரே ஒரு முட்டை, நான் என்ன செய்திருப்பேன், டஜனையும் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன், அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன், என்னிடமும் ஒருத்தி ஒன்று கேட்டாள் என்று. அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோட் இன்னும் மேலேதான் இருந்தது, பொத்தானைக் கூடக் கழற்றவில்லை, வெளியே வந்தாள், இரண்டு வாசலுக்கும் நடுவில் தாழ்ந்த சுவர், அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் தெருவில் ஒரு கார் போனது, டிரைவர் கை காட்டினான், யாரென்று தெரியாமலே இவளும் காட்டினாள். மணியை அடித்தாள். இந்தத் தடவை கதவு சீக்கிரம் திறந்தது, ஹெதர் அதற்குள் முகத்தைக் கழுவியிருந்தாள், நெற்றி மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. 'குப்பையா' என்றாள். 'இல்ல' என்றாள் லினெட். ஹெதர் அவளை மேலும் கீழும் பார்த்தாள், கோட்டின் உள்ளே ஆள் பாதி காலியாக இருப்பதைப் பார்த்தாள், பார்க்கிறாள் என்று தெரிந்தும் லினெட் கையால் மூடிக்கொள்ளவில்லை. 'நீங்க நல்லாத்தானே இருக்கீங்க' என்றாள் ஹெதர், இந்த முறை கொஞ்சம் மெதுவாக. 'இல்ல ஹெதர், நல்லா இல்ல' என்றாள் லினெட். சொன்ன பிறகு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரி, நாளைக்கு, கூட வர ஓர் ஆள், எல்லாம் நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான், ஒன்றும் வரவில்லை, இத்தனை வயதில் இந்த இடத்தைத் தாண்டி அவள் போனதே இல்லை. ஹெதரும் போனதில்லை போலிருக்கிறது. கதவின் விளிம்பைப் பிடித்திருந்த கை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே இருந்தது, கதவு மூடவும் இல்லை, இன்னும் அகலமாகத் திறக்கவும் இல்லை, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக இருவரும், முதல் நாள் பள்ளியில் விட்ட பிள்ளைகள் மாதிரி, யார் முதலில் அழுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.